நியூ ஆர்லியன்ஸ்: மேட்டுநிலம் தப்பியது, பண்பாடும் தப்பியதா?

நெய்தல்வாசி (கேள்வி):

கத்ரீனா சூறாவளியைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். ஒரு முரண் மட்டும் எனக்கு விளங்கவில்லை. 2005 ஆகஸ்ட் 29 அன்று புயல் கரையேறிய பின் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. ஆனால் அந்நகரத்தின் முகமாக உலகம் அறிந்த பிரெஞ்சு குவார்ட்டர் என்ற பழைய பகுதி, இரும்பு வேலைப்பாடு கொண்ட தன் மாடங்களோடு, பெரும்பாலும் நனையாமலே நின்றிருக்கிறது. ஆறே மாதத்தில், 2006 பிப்ரவரி 28 அன்று, மார்டி கிரா திருவிழாவையும் நடத்திவிட்டார்கள். அப்படியிருக்க, அந்நகரத்தின் பண்பாடே குலைந்துபோயிற்று என்று எழுதுவது மிகையில்லையா? உயிரிழப்பையும் பொருளிழப்பையும் நான் குறைத்துப் பேசவில்லை. என் ஐயம் பண்பாட்டைப் பற்றியது மட்டுமே.

வரும் மார்ச் மாதத்தில் வேலை நிமித்தமாக அங்கே இரண்டு வாரம் தங்கவிருக்கிறேன். அறிந்தவர்கள் விளக்கினால் எதைப் பார்ப்பது என்ற தெளிவும் கிடைக்கும்.

கரைமேடு:

உங்கள் முரணுக்கான விடை முதலில் நிலமட்டத்தில் இருக்கிறது. 1718 இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊர் அமைக்கத் தேர்ந்த இடம், மிசிசிப்பி ஆறு வெள்ளந்தோறும் வண்டலைக் கொட்டித் தானே உயர்த்திக்கொண்ட கரைமேடு. பிரெஞ்சு குவார்ட்டர் அதன் மீதுதான் நிற்கிறது. (பெயர் பிரெஞ்சு என்றாலும், 1788, 1794 ஆகிய ஆண்டுகளின் தீவிபத்துகளுக்குப் பின் ஸ்பெயின் ஆட்சியில் அப்பகுதி புதிதாகக் கட்டப்பட்டது என்பது வேறு கதை.) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய நீரிறைப்பு எந்திரங்கள் வந்த பிறகு, மேட்டுக்கும் பாண்ட்சர்ட்ரெயின் ஏரிக்கும் இடையே கிடந்த சதுப்பை வற்றவைத்து அங்கே தெருக்களைப் போட்டார்கள். சதுப்பு மண்ணிலிருந்து நீரை இறைத்துக்கொண்டே இருந்தால் மண் அமிழும். அப்படி அமிழ்ந்து அமிழ்ந்து நகரத்தின் பாதியளவு கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கத்ரீனா கரையேறும்போது மூன்றாம் வகைச் சூறாவளியாகத் தளர்ந்திருந்தது. 17ஆம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் தடுப்புச்சுவர்கள், நீர் அவற்றின் தலையைத் தாண்டி வழிவதற்கு முன்பே, அடிமண் நழுவிச் சாய்ந்தன. அவற்றை வடிவமைத்துக் கட்டிய அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை, தன் வடிவமைப்பில் குறை இருந்ததை 2006 இல் ஒப்புக்கொண்டது. எனவே அவ்வூரில் "புயல் அழித்தது" என்று சொல்லிப் பாருங்கள். புயல் அல்ல, நடுவணரசின் சுவர் அழித்தது என்று உடனே திருத்துவார்கள்.

பிரெஞ்சு குவார்ட்டரின் விடுதிகளில் இரவெல்லாம் எக்காளம் ஊதியவர்களில் பலர் விடிந்ததும் வீடு திரும்பிய இடங்கள் செவன்த் வார்டு, நைன்த் வார்டு, ஜென்டில்லி போன்ற தாழ்ந்த பகுதிகள். ராக் அண்ட் ரோல் இசையின் முன்னோடிகளுள் ஒருவரான ஃபேட்ஸ் டாமினோ, புகழும் பணமும் வந்த பிறகும் லோயர் நைன்த் வார்டை விட்டுப் போகவில்லை. வெள்ளத்தில் படகு வந்துதான் அவரை மீட்டது. அது தெரியாமல், இறந்துவிட்டார் என்றெண்ணி யாரோ அவர் வீட்டின் மேலேயே இரங்கல் வாசகத்தைத் தீட்டி வைத்திருந்தார்கள்.

ஹூஸ்டன் குடியேறி:

நான் மாணவனாக இருந்தபோது, 2006 கோடையில், ஹூஸ்டனிலிருந்து ஒரு தன்னார்வக் குழுவோடு அங்கே போய் மூழ்கிய வீடுகளைக் காலி செய்யும் வேலையில் பத்து நாள் இருந்தேன். பூஞ்சை ஏறிய சுவர்ப்பலகைகளைப் பெயர்த்து, மரச்சட்டம் மட்டும் மிஞ்சும்வரை வீட்டை உரித்தெடுக்க வேண்டும். வாசல்தோறும் மீட்புப் படையினர் தீட்டிய பெருக்கல் குறி இருக்கும். அதன் நான்கு மூலைகளில் சோதித்த நாள், சோதித்த குழு, உள்ளிருந்த ஆபத்து, கண்டெடுத்த உடல்களின் எண்ணிக்கை ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். செவன்த் வார்டில் ஒரு வீட்டின் பின்னறையில் ஒரு பெட்டி நிறையப் பாசிமணி கிடந்தது. நூல் இற்று, சேறு பூசி, துணியோடு ஒட்டிப்போயிருந்தது. அதை மற்ற குப்பையோடு தெருவில் கொட்டப் போன என்னை அடுத்த வீட்டு முதியவர் தடுத்து, வெறுங்கையால் அள்ளி ஒரு வாளியில் போட்டுக்கொண்டார். அது என்னவென்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மார்டி கிரா என்றதும் நம் கண்ணுக்கு வருவது பெரிய அலங்கார ஊர்திகளும், அவற்றிலிருந்து வீசப்படும் மணிமாலைகளும்தான். அதே நாளில் கறுப்பினக் குடியிருப்புகளின் சந்துகளில் இன்னொரு விழா நடக்கிறது. "மார்டி கிரா இந்தியன்ஸ்" என்று அழைக்கப்படும் குழுக்கள், அடிமைக் காலத்தில் தப்பியோடியவர்களுக்கு அடைக்கலம் தந்ததாகச் சொல்லப்படும் பூர்வகுடிகளைப் போற்றும் வகையில், பாசிமணியும் இறகும் தைத்த உடை அணிந்து தெருவில் எதிரெதிரே நின்று பாடுகின்றன. பெரிய தலைவர், ஒற்றன், கொடிக்காரன் என்று பதவிகள் உண்டு. ஒவ்வோராண்டும் புது உடை தைக்க வேண்டும். சென்ற ஆண்டின் உடையை அப்படியே அணிவது இழுக்கு. சில உடைகளின் எடை 50 கிலோவை நெருங்கும். ஆண்டு முழுவதும் சமையலறை மேசையைச் சுற்றி மாமன், மருமகன், பக்கத்து வீட்டுப் பையன் என்று பலர் உட்கார்ந்து தைக்க, பாட்டும் அந்த மேசையிலேயே அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்கிறது. இந்தக் குழுக்கள் ஒரு காலத்தில் சந்திக்கும்போதெல்லாம் கத்தியெடுத்தன. அப்பகையை "யார் உடை அழகு" என்ற போட்டியாக மாற்றியவர்களில் முதன்மையானவராகப் போற்றப்படும் டூட்டி மாண்டனா, காவல்துறை தம் குழுக்களை நடத்திய விதத்தைக் கண்டித்து நகரமன்றத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே 2005 ஜூன் 27 அன்று சரிந்து இறந்தார். அதற்குப் பின் இரண்டு மாதத்தில் வெள்ளம் வந்தது.

ஆகவே, கேள்வி கேட்ட அன்பரே, பிரெஞ்சு குவார்ட்டர் நின்றதா என்பதைவிட, அந்தச் சமையலறை மேசைகள் எங்கே போயின என்பதைக் கேட்க வேண்டும். ஹூஸ்டன், அட்லாண்டா, டாலஸ் என்று ஒரே தெருவினர் பல ஊர்களில் சிதறியிருந்தார்கள். 2006 மார்டி கிராவுக்காகச் சிலர் வாடகைக் குடியிருப்புகளில் இருந்தே உடை தைத்துக்கொண்டு வந்தார்கள் என்பதும் உண்மை. வேறு சிலர், கூரைக்குப் போர்த்த அரசு கொடுத்த நீலத் தார்ப்பாயையே வேட உடையாக வெட்டிக்கொண்டு வந்தார்கள். செத்தவர் அடங்குமுன் திருவிழாவா என்ற எதிர்ப்பும் வலுவாகவே இருந்தது. நடத்தியது சரி என்றே நான் நினைக்கிறேன். திரும்பி வர ஒரு தேதியாவது அவர்களுக்கு இருந்தது.

பழைய குறிப்பேடு:

முந்தைய இரு மறுமொழிகளோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கணக்கு வெள்ளத்தோடு முடிந்துவிட்டதைப் போல ஒரு தொனி அவற்றில் இருக்கிறது. அதை மறுக்க வேண்டும். வெள்ளம் சில வாரங்களில் வடிந்தது. மக்கள் திரும்ப முடியாமல் போனதற்குக் காரணம் அதற்குப் பின் எடுக்கப்பட்ட முடிவுகள்.

நகரத்தின் மக்கள்தொகை 2000 இல் 4,84,674. 2010 இல் 3,43,829. இந்தக் குறைவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கறுப்பின மக்கள். வீடு கட்ட அரசு வழங்கிய "ரோடு ஹோம்" உதவித்தொகை, சேதத்தின் செலவு, புயலுக்கு முந்தைய சந்தை மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்கிடப்பட்டது. ஒரே அளவு வீட்டைத் திரும்பக் கட்டும் செலவு எங்கும் ஒன்றுதான். ஆனால் கறுப்பினப் பகுதிகளில் சந்தை மதிப்பு குறைவு என்பதால் அவர்களுக்குக் கிடைத்த தொகையும் குறைந்தது. வழக்குத் தொடுத்து, 2011 இல்தான் ஓர் இணக்கத்துக்கு வந்தார்கள். லோயர் நைன்த் வார்டில் பாதிக்கும் மேற்பட்டோர் சொந்த வீட்டுக்காரர்கள் என்பதை வெளியூரார் அறிவதில்லை. தாத்தா கட்டிய வீட்டில் பேரன் குடியிருப்பான். பத்திரம் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். பத்திரம் இல்லாதவருக்கு உதவித்தொகை இல்லை. 2007 டிசம்பர் 20 அன்று நகரமன்றம், ஏறத்தாழ 4,500 வீடுகள் கொண்ட நான்கு பொதுக் குடியிருப்புகளை இடிக்க ஒருமனதாக வாக்களித்தது.

பள்ளிகளிலும் இதுவே நடந்தது. ஏறத்தாழ 7,500 ஆசிரியர்களும் ஊழியர்களும் வேலை இழந்தார்கள். பள்ளி இசைக்குழுக்களை வளர்த்த ஆசிரியர்களும் அவர்களுள் அடங்குவர். அந்நகரத்தில் எக்காளமும் டிராம்போனும் பிள்ளைகளின் கைக்குப் போவது பெரும்பாலும் பள்ளிக் குழுக்கள் வழியாகத்தான். 2006 மார்டி கிராவில் செயின்ட் அகஸ்டின் உள்ளிட்ட மூன்று கத்தோலிக்கப் பள்ளிகள், தனித்தனியே குழு அமைக்க மாணவர் போதாமல், ஒரே குழுவாக நடந்தன. அடுத்த ஆண்டு ஒரு டிரம் கலைஞர் முன்னின்று தொடங்கிய "ரூட்ஸ் ஆஃப் மியூசிக்" என்ற இசைப் பயிற்சித் திட்டம் அந்த வெற்றிடத்தில் பிறந்தது. இசையோடு பாடமும் இரவுச் சாப்பாடும் தருகிறது. இசைக்கலைஞர்களுக்காகக் கட்டப்பட்ட "மியூசிசியன்ஸ் வில்லேஜ்" குடியிருப்பு நல்ல முயற்சிதான். ஆனால் அங்கே வீடு பெறக் கடன் தகுதி வேண்டும்; இரவுக்கு இரவு ரொக்கமாகக் கூலி வாங்கும் கலைஞர் அதற்கு எந்தச் சான்றைக் காட்டுவார்?

தெரு ஊர்வலங்களின் கதை இன்னும் கசப்பானது. கறுப்பின மக்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கதவடைத்த காலத்தில், மருத்துவச் செலவுக்கும் அடக்கச் செலவுக்கும் பணம் சேர்க்கத் தோன்றிய சங்கங்கள் இன்றும் ஞாயிறுதோறும் பித்தளை வாத்தியக் குழுவோடு தெருவில் வருகின்றன. சங்கத்தாரும் வாத்தியமும் முதல் வரிசை. பின்னால் ஆடி வருவோர் இரண்டாம் வரிசை, அதாவது "செகண்ட் லைன்". சாவு ஊர்வலத்திலும் இதே முறைதான். உடலை வழியனுப்பும்வரை மெல்லிய துதிப்பாடல், அதன் பின் குடையும் கைக்குட்டையும் வீசி ஆட்டம். 2006 ஜனவரியில் பல சங்கங்கள் ஒன்றுகூடி நடத்திய ஊர்வலத்தின் முடிவில் துப்பாக்கிச்சூடு நடந்ததைக் காட்டி, காவல்துறை பாதுகாப்புக் கட்டணத்தை மும்மடங்கு அளவுக்கு உயர்த்தியது. வெள்ளத்தில் வீடிழந்த சங்கத்தார், தங்கள் தெருவில் தாங்கள் நடக்க நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

நெய்தல்வாசி:

மூவருக்கும் நன்றி. என் கேள்வியை நான் தவறான இடத்திலிருந்து கேட்டிருக்கிறேன் என்பது புரிகிறது. இரண்டு துணைக்கேள்விகள்: உணவும் இப்படியே பாதிக்கப்பட்டதா? நான் மார்ச்சில் போனால், காட்சிப்பொருளைப் பார்ப்பவனைப் போல நிற்காமல் இவற்றைப் பார்க்க வழியுண்டா?

ஹூஸ்டன் குடியேறி:

உணவு எளிதாகப் பெட்டியில் ஏறிப் பயணம் செய்தது. திங்கட்கிழமை சிவப்பு அவரையும் சோறும் ஹூஸ்டனிலும் கிடைக்கத் தொடங்கியது. துணி துவைக்கும் நாளில் அடுப்பில் தானே வெந்துகொண்டிருக்கட்டும் என்று வந்த வழக்கம் அது. "கம்போ" என்ற குழம்பின் பெயர் வெண்டைக்காயைக் குறிக்கும் மேற்கு, நடு ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். வெண்டைக்காயின் கொழகொழப்பை வேண்டுமென்றே குழம்பில் இறக்குவதைப் பார்த்து, அதைப் போக்க எண்ணெயில் வதக்கும் என் அம்மா திகைத்தார். புகழ்பெற்ற சமையற்கலைஞர் லியா சேஸ் அம்மையாரின் "டூக்கி சேஸ்" உணவகம் மூழ்கி, 2007 இல்தான் மீண்டது. அதற்கு எதிரே இருந்த லஃபிட் குடியிருப்பு, பழைய குறிப்பேடு சொன்ன நான்கில் ஒன்று. நகரத்தின் கிழக்கில் 1975 முதல் குடியேறிய வியட்நாமியர்கள், தங்கள் மாதா கோவிலை மையமாகக் கொண்டு, மற்றவர்களுக்கு முன்பே திரும்பி வந்து கடைகளைத் திறந்தார்கள். அங்கேயும் சாப்பிடுங்கள்.

பழைய குறிப்பேடு:

மார்ச் 19, புனித சூசையப்பர் நாள் இரவு, உங்கள் இரண்டு வாரத்தில் விழுகிறதா என்று பாருங்கள். அன்று இருட்டிய பின் இந்தியன்ஸ் குழுக்கள் வெளியே வருவார்கள்; அச்சிட்ட நேரமோ வழித்தடமோ கிடையாது. அதையொட்டி வரும் "சூப்பர் சண்டே" பகலில் நடப்பதால் புதியவருக்கு எளிது. வாஷிங்டன் அவென்யூவும் லசால் தெருவும் சந்திக்கும் ஏ.எல். டேவிஸ் பூங்காவில் போய் நில்லுங்கள். உடையைத் தொடாதீர்கள். நெருங்கிப் படம் எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள், ஏனென்றால் ஓராண்டு உழைப்பின் படத்தை யார் யாரோ விற்றுக் காசாக்கியதில் அவர்களுக்கு நியாயமான கோபம் இருக்கிறது. ஞாயிறு "செகண்ட் லைன்" ஊர்வலத்தில் ஓரமாக நின்று பார்ப்பதைவிட வாத்தியத்துக்குப் பின்னால் நடப்பதே மரியாதை. சில்லறை டாலர்களை எடுத்துச் செல்லுங்கள். வழிநெடுக வண்டிகளின் பின்புறத்தைத் திறந்து வைத்து, அத்தெருக்காரர்களே சுட்ட இறைச்சியும் குளிர்ந்த நீரும் விற்பார்கள்.