டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன்ல தவிச்சு நின்னப்போ கை கொடுத்தது யாரு? உங்க அனுபவம் சொல்லுங்க

குலசேகரத்திலிருந்து:

நானே தொடங்குறேன். அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டு. 2022ல தமிழ் மீடியத்துல பிளஸ் டூ முடிச்சு, நாகர்கோவில்ல ஒரு காலேஜ்ல பி.எஸ்சி. மேத்ஸ் சேர்ந்தேன். டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன் பேப்பர்ல முதல் இன்டர்னல் 50க்கு 11. பேப்பரை மடிச்சு பைக்கு அடியில வச்சுட்டு, வீட்டுல ஒரு வாரம் சொல்லவே இல்ல.

காலேஜ் டீச்சர்கிட்ட சந்தேகம் கேட்கப் போனப்போ, "இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருக்கணும்"னு பதில் வந்துது. அதுக்கப்புறம் அந்த ரூம் பக்கமே நான் போகல. அவங்க சொன்னது உண்மைதான். ஆனா ஏன் படிக்கலன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்தப் பேப்பருக்கு அடிப்படையான தொகை நுண்கணிதம் (இன்டெக்ரேஷன்) பதினொண்ணாம் கிளாஸ் புத்தகத்துல கடைசிக்கு முந்தின பாடம். நாங்க பதினொண்ணு படிச்சது 2020-21ல. ஸ்கூல் முக்காவாசி நாள் பூட்டிக் கிடந்தது, பரீட்சை இல்லாம ஆல் பாஸ். போன்ல கிளாஸ்னா, எங்க வீட்டுல டவர் கிடைக்காது. தோட்டத்து மேட்டுல ஏறி நிக்கணும். அந்த வருஷம் விட்ட ஓட்டை ரெண்டு வருஷம் கழிச்சு காலேஜ்ல வந்து ஒழுகுச்சு.

காலைல நான் போற பஸ்லதான் பி.ஜி. படிக்கிற ஒரு அக்காவும் வருவாங்க. இதே பேப்பர்ல ரெண்டு தடவை அரியர் வச்சு மூணாவது தடவை பாஸானவங்க. நான் மடியில நோட்டை விரிச்சு வச்சு முழிக்கிறதைப் பார்த்து, "பேடிக்காத பிள்ளே, நோட்டை மூடு. பஸ் ஆட்டத்துல எழுத முடியாது. வாயால சொல்லு"ன்னாங்க.

முன்சீட்டுல ஒருத்தர் பேப்பர் விரிச்சிருந்தார். ஐப்பசி மழை நேரம், பேச்சிப்பாறை அணை நீர்மட்டம் போட்டிருந்தது. அக்கா கேட்டாங்க: "அணைக்குள்ள வினாடிக்கு 600 கனஅடி வருதுன்னு வை, 400 வெளிய போகுது. தண்ணி எவ்வளவு வேகத்துல கூடும்?" 200ன்னேன். "இப்போ நீ சொன்னதுதான் டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன். இடப்பக்கம் கூடுற வேகம், வலப்பக்கம் வரவு கழித்தல் செலவு." ஒரு நாளைக்கு 86,400 வினாடின்னு பெருக்கி, ஒரு கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் கனஅடின்னு நான் சொல்லும்போது தக்கலை வந்துட்டு.

அடுத்த நாள் கொஞ்சம் மாத்துனாங்க. "வெளிய போறது 400ன்னு நிலையா இல்லாம, உள்ள எவ்வளவு தண்ணி கிடக்கோ அதுக்கு ஏத்த விகிதத்துல கூடிக்கிட்டே போனா?" நிசமான ஷட்டர்ல கணக்கு இன்னும் சிக்கலா இருக்கும், சுலபத்துக்கு இப்படி வச்சுக்கோன்னாங்க. யோசிச்சேன். தண்ணி ஏற ஏற வெளிய போறதும் ஏறும். 600 வந்து 600 போற இடத்துல மட்டம் நிக்கணும். ஒரு தொகையீடு கூட செய்யாம விடை போய்ச் சேருற இடம் எனக்குத் தெரிஞ்சுட்டு! அதுவரைக்கும் நான் எந்தக் கணக்கையும், இது என்ன சொல்லுதுன்னு கேட்டதே கிடையாது. படிச்ச உடனே, இது வேரியபிள் செப்பரபிளா, லீனியரா, எக்ஸாக்டான்னு வகையோட பேர் தேடத்தான் ஓடுவேன்.

பஸ்ல இது, ராத்திரி வீட்டுல பழைய பதினொண்ணாம் கிளாஸ் புத்தகம். பகுதித் தொகையீடு, பகுதிப் பின்னம், ஒரு நாளைக்குப் பத்துக் கணக்கு. பிறகு பிளஸ் டூ புத்தகம் பத்தாவது பாடம், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள். தொட்டிக்குள்ள உப்புத் தண்ணி வந்து, வெளிய போற உப்புத் தொட்டிக் கணக்கு அதுலயே இருக்கு. காலேஜ் புத்தகத்துல இங்கிலீஷ்ல வாசிச்சு மிரண்டதை, தமிழ்ல ஏற்கெனவே எழுதி வச்சிருக்காங்க. தமிழ் மீடியம் பிள்ளைங்க அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில போட்டுடாதீங்க. செமஸ்டர்ல 75க்கு 52 எடுத்தேன்.

கொளச்சலிலிருந்து:

நான் இன்ஜினியரிங். எனக்கு இடிச்சது டி-ஸ்கொயர் பிளஸ் 4, வலப்பக்கம் சைன் 2எக்ஸ். டின்னா ஒரு தடவை டிஃபரென்ஷியேட் பண்ணுன்னு அர்த்தம். பி.ஐ. (பர்டிகுலர் இன்டெக்ரல், விடையில வலப்பக்கத்தால வர்ற பகுதி) கண்டுபிடிக்க டி-ஸ்கொயருக்கு மைனஸ் 4 போட்டா கீழ பூஜ்ஜியம். டியூஷன்ல, "பூஜ்ஜியம் வந்தா எக்ஸால பெருக்கி, கீழ உள்ளதை டிஃபரென்ஷியேட் பண்ணு"ன்னு சொல்லிக் கொடுத்தாங்க. மைனஸ் எக்ஸ் காஸ் 2எக்ஸ் பை 4 வந்துட்டு, மார்க்கும் வந்துட்டு. அந்த எக்ஸ் எங்கிருந்து வந்துதுன்னு மட்டும் மனசுல கிடந்து உறுத்திட்டே இருந்தது.

லீவுக்கு வந்தப்போ அப்பா கூட வள்ளத்துல போனேன். அலை பக்கவாட்டுல அடிக்க, வள்ளம் ஆடுற ஆட்டத்துக்கும் அலை வர்ற நேரத்துக்கும் ஒத்துப் போச்சு. ஒவ்வொரு அலைக்கும் ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமா கூடுது. அப்பா ஒண்ணும் பேசல, அணியத்தை, அதாவது வள்ளத்தோட முன்பக்கத்தை, அலைக்கு நேரா திருப்பினார், அடங்கிட்டு. கரைக்கு வந்து நோட்டைத் திறந்தேன். எக்ஸை நேரம்னு வச்சுக்கிட்டேன். 4-ஓட வர்க்கமூலம் 2, அது வள்ளத்தோட சொந்த ஆட்டம். சைன் 2எக்ஸ்ல உள்ள தள்ளுற ஆட்டமும் 2. நேரம் போகப் போக ஆட்டம் பெருகுதுன்னு சொல்லத்தான் அங்க அந்த எக்ஸ் நிக்குது. கடல்ல தண்ணி இழுத்துப் பிடிக்கும், அதனால முடிவில்லாம பெருகாது. அந்த இழுவையைச் சேர்த்தா ஈக்குவேஷன்ல நடுவுல ஒரு டி வரும். இதைச் சொல்லித் தர டியூஷன்ல அஞ்சு நிமிஷம் போதும். சொல்லியிருக்கணும்.

இரணியலிலிருந்து:

அக்கா, நான் இப்போ செகண்ட் இயர். லீனியர் கணக்குல ஐ.எஃப். (இன்டெக்ரேட்டிங் ஃபேக்டர், ஈக்குவேஷனைப் பெருக்குற காரணி) வரை ஒழுங்கா வருது. ஆனா விடை புத்தகத்துல உள்ளதோட ஒத்து வரமாட்டேங்குது. டிஒய் பை டிஎக்ஸ் பிளஸ் ஒய் பை எக்ஸ், வலப்பக்கம் எக்ஸ்-ஸ்கொயர். எனக்கு எக்ஸ்-க்யூப் பை 4 பிளஸ் சி வருது. நாலு தடவை போட்டுட்டேன். கிளாஸ்ல கேட்க ஒரு மாதிரியா இருக்கு.

குலசேகரத்திலிருந்து:

தம்பி, பக்கத்துல வந்துட்டீங்க. ஐ.எஃப். எக்ஸ். பெருக்கித் தொகைப்படுத்தினா, எக்ஸ்ஒய் சமம் எக்ஸ் பவர் 4 பை 4 பிளஸ் சி. சி இந்த இடத்துலயே பிறந்துடுது. பிறகு எக்ஸால வகுக்கும்போது அதையும் வகுக்கணும். கடைசியில சி பை எக்ஸ்னு நிக்கும். நீங்க ஒய்யைத் தனியா பிரிச்ச பிறகு சி-யை ஒட்ட வச்சிருக்கீங்க. ரெண்டு விடையையும் திரும்ப ஈக்குவேஷன்ல போட்டுப் பாருங்க, உங்களோடதுல சி பை எக்ஸ் மிச்சம் விழும். நானும் இதே தப்பை ஒரு செமஸ்டர் முழுக்க செய்தேன்.

கிளாஸ்ல கேட்க முடியலன்னா இங்கயே கேளுங்க. விடையை மட்டும் எழுதாம, நோட்டுல போட்ட பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்க. தப்பா போட்ட வரியை அடிக்காண்டாம், அதுவும் தெரியணும்.