ஃபோம் மெத்தையில் மூத்திர வீச்சம்: வெயிலா, வினிகரா, என்சைமா, குப்பையா?

தூக்கம்தொலைத்தவள்:
மாமனாருக்கு 80 தாண்டிவிட்டது. ராத்திரியில் டயப்பர் கசிந்து ஆறு அங்குல மெமரி ஃபோம் மெத்தை நனைந்துவிட்டது. ஒரு தடவை இல்லை, மூணு வாரத்தில் நாலு தடவை. உறையைத் துவைத்தாச்சு, சோடா உப்பு தூவி ஒரு நாள் விட்டு உறிஞ்சி எடுத்தாச்சு. பகலில் மூக்கை வைத்து மோந்தாலும் ஒண்ணும் தெரியாது. அவர் படுத்து அரை மணி நேரம் ஆனதும் வீச்சம் கிளம்பிடுது. நேத்து என்னைக் கூப்பிட்டு, "இது என்கிட்ட இருந்தாம்மா வருது?"ன்னு கேட்டார். எனக்கு வாயே வரலை. தூக்கிப் போடாமல் வழி இருந்தா சொல்லுங்க.

வெயில்விரும்பி:
இதுக்கெல்லாம் மண்டையை உடைச்சுக்காதீங்க. வினிகரையும் சோடா உப்பையும் ஒண்ணாக் கலந்து நுரை வரும்போதே மெத்தையில் ஊத்துங்க. நுரை உள்ளே போய் அழுக்கைத் தூக்கிட்டு வரும். அப்புறம் ரெண்டு நாள் நல்ல வெயில். மூணு பிள்ளைகளை வளர்த்த வீடு எங்களுது, மெத்தை நனையாத வாரமே கிடையாது.

ஆய்வகத்தான்:
நுரை தூக்கிட்டு வராது. வினிகர் அமிலம், சோடா உப்பு காரம். ரெண்டையும் கலந்தா ஒண்ணை ஒண்ணு தீர்த்துக்கட்டிடும். பொங்குறது வெறும் கரியமில வாயு, மிச்சம் நிக்கிறது லேசான உப்புத் தண்ணி. வினிகரைத் தனியா அடிச்சாலாவது அம்மோனியா நெடி அடங்கும். சோடா உப்பு தனியா இருந்தா வேர்வையோட புளிச்ச வாடைக்கு ஆகும், அம்மோனியாவுக்குப் பெரிசா ஆகாது, ஏன்னா அதுவும் காரம்தான்.

பகலில் இல்லாத வாடை ராத்திரி ஏன் வருதுன்னா, மூத்திரத்தில் இருக்கிற யூரிக் அமிலம் காய்ஞ்சதும் சின்னச் சின்னப் படிகமா ஃபோம் கண்ணறைகளில் ஒட்டிக்கும். தண்ணியில் லேசில் கரையாது. அமிலத்தில் அதைவிடக் கரையாது, அதனால வினிகர் அதைத் தொடவே தொடாது. ஆள் படுத்ததும் உடம்புச் சூடும் வேர்வை ஈரமும் இறங்குது, உள்ளே இருக்கிற பாக்டீரியா திரும்ப வேலையை ஆரம்பிக்குது. மூத்திரக் கறையைச் சிதைக்கிற புரதம் (என்சைம்) கலந்து பாட்டிலில் விற்கிற என்சைம் கரைசல்தான் இதுக்கு வழி.

வெயில்விரும்பி:
படிகமாம், கண்ணறையாம். எங்க மெத்தையில் வாடை போச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க ஐயா. போச்சு.

பழைய_பஞ்சு:
அண்ணா, ஒரு சந்தேகம். உங்க வீட்டில் இருந்தது ஃபோமா, பஞ்சு மெத்தையா?

வெயில்விரும்பி:
பஞ்சுதான். அதுக்கென்ன?

பழைய_பஞ்சு:
அதுதான் விஷயமே. பஞ்சை அடிச்சு உதறலாம், பிரிச்சுக் காயப்போட்டுத் திரும்ப அடைக்கலாம். வெயில் நடு வரைக்கும் போகும். மெமரி ஃபோம் ஸ்பாஞ்ச் மாதிரி குடிச்சிட்டு உள்ளேயே வெச்சுக்கும், மேல்தோல் மட்டும் சீக்கிரம் காய்ஞ்சு ஏமாத்தும். லேடெக்ஸா இருந்தா வெயிலே ஆகாது, கொஞ்ச நாளில் பொடியா உதிர ஆரம்பிச்சிடும். மற்ற ஃபோமும் மஞ்சளாகும், ஆனா அதனால கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லை.

கறார்கண்ணம்மா:
எல்லாரும் வைத்தியம் சொல்றீங்க, நோயாளி செத்துப்போனதை யாரும் பார்க்கலை. நாலு தடவை நனைஞ்ச மெத்தை, ஒரு தடவைகூட முழுசாக் காய்ஞ்சிருக்காது. ஈரம் ஒரு நாள் ரெண்டு நாள் தேங்கினாலே பூஞ்சை வர ஆரம்பிக்கும். படுக்கையிலேயே இருக்கிற வயசானவருக்கு முதுகுத் தோல் எவ்வளவு மெல்லிசு தெரியுமா? அந்த ஈரத்தில் படுக்க வெச்சுப் புண் வந்தா, மெத்தை மிச்சம் பிடிச்ச கணக்கை யார்கிட்ட சொல்லுவீங்க? தூக்கிப் போடுங்க.

தூக்கம்தொலைத்தவள்:
கறார் அக்கா, கோபப்படாதீங்க, நானும் பயந்துதான் கேட்டேன். இன்னிக்கு ஜிப்பைத் திறந்து ஃபோமையே பார்த்தேன். இடுப்பு வர்ற இடத்தில் பழுப்பா வளையம், அதுக்குள்ளே இன்னொரு வளையம், அதுக்குள்ளே இன்னொண்ணு, மரத்தை அறுத்தாத் தெரியுமே அந்த மாதிரி. கை வெச்சா காய்ஞ்சுதான் இருந்துச்சு. வெள்ளைத் துண்டைப் போட்டு முட்டியால் அழுத்தி ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன். எடுத்துப் பார்த்தா முட்டி பட்ட இடத்தில் மட்டும் சில்லுன்னு ஈரம், இளமஞ்சள் கறை. கடைசியா நனைஞ்சு அஞ்சு நாள் ஆகுது.

நைட்டூட்டி:
பதினோரு வருஷமா முதியோரைப் பார்த்துக்கிற வேலை. நீங்க செஞ்ச துண்டுச் சோதனைதான் சரியானது, வாடையை மோந்து பார்க்கிறது இல்லை. வீட்டுக்காரங்க மூக்கு பழகிப்போயிடும், வெளியாள் சொன்னாத்தான் நம்பலாம். இப்போ மெத்தையைப் புரட்டி அடிப்பக்கம் பாருங்க. கறை அங்கேயும் வந்திருந்தா நான் கறார் அம்மா கட்சி. வரலைன்னா ஒரு தடவை முயற்சி பண்ணலாம்.

எல்லாரும் பண்ற தப்பு, ஸ்பிரேயில் நாலு அடி அடிச்சுட்டு விட்டுடறது. மூத்திரம் மூணு அங்குலம் இறங்கியிருந்தா கரைசலும் மூணு அங்குலம் இறங்கணும். மேலே தெளிக்கிறது மேலே மட்டும்தான். என்சைம் வேலை செய்ய ஈரமா இருக்கணும், நேரமும் வேணும். பாட்டிலில் போட்டிருக்கிற நேரம் வரைக்கும் மேலே பிளாஸ்டிக் ஷீட்டை லேசா மூடி வைங்க. சுடுதண்ணி வேண்டாம், நீராவி மெஷின் வேண்டவே வேண்டாம், சூடு பட்டா என்சைமும் போச்சு, கறையும் பிடிச்சுக்கும். முன்னாடி டெட்டால் மாதிரி கிருமிநாசினி ஏதாவது போட்டிருந்தா, வெறும் தண்ணி விட்டு ஒத்தி எடுத்துட்டு ஆரம்பிங்க.

பிளீச்சிங் மட்டும் கிட்டவே கொண்டு வராதீங்க. மூத்திரத்து அம்மோனியாவோட சேர்ந்தா நச்சுப் புகை வரும். மூடின அறையில் படுத்திருக்கிறவருக்கு அது ஆகவே ஆகாது.

வெயில்விரும்பி:
சரி, படிச்சேன். ஒரு கேள்வி. மூணு அங்குலம் நனைச்சாச்சு, எப்படிக் காய வைக்கிறதாம்? மூத்திரத்துக்குப் பதிலா இன்னொரு குடம் தண்ணியை உள்ளே அடைச்சு வெச்சுப் பூஞ்சை வளர்க்கச் சொல்றீங்களா? கடைசியில் என்கிட்டதானே வரணும்!

ஆய்வகத்தான்:
அது நியாயமான கேள்வி. நான் அதை யோசிக்காமலே என்சைம்னு எழுதிட்டேன்.

நைட்டூட்டி:
வரணும்தான், ஆனா வெயிலைவிடக் காத்து முக்கியம். முதலில் தண்ணியை எடுத்துடணும். ஈரம் உறிஞ்சும் வேக்குவம் இருந்தா ரொம்ப நல்லது. இல்லைன்னா தடித்த துண்டுகளை அடுக்கி மேலே ஏறி நில்லுங்க, துண்டு மாத்தி மாத்தி, கறையோ ஈரமோ ஒட்டாத வரைக்கும். தேய்க்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, ஈர மெமரி ஃபோம் அல்வா மாதிரி பிய்ஞ்சு வந்துடும். அப்புறம் மெத்தையைப் பக்கவாட்டில் நிமிர்த்தி சுவரில் படாம நிறுத்தி, ரெண்டு பக்கமும் மின்விசிறி. ரெண்டு நாள், மூணு நாள்கூட ஆகும். திரும்பவும் துண்டுச் சோதனை. துண்டு ஈரமாகாத வரைக்கும் உறை போடாதீங்க.

கறார்கண்ணம்மா:
அந்த மூணு நாள் பெரியவர் எங்கே படுப்பார்?

தூக்கம்தொலைத்தவள்:
வேற கட்டில் இருக்கு அக்கா. அடிப்பக்கம் பார்த்தேன், கறை இல்லை. செஞ்சு பார்க்கிறேன்.

புதுவரவு:
ஹைட்ரஜன் பெராக்ஸைடு 3 சதவீதம் போட்டா வளையம் மறையுதுன்னு கேள்விப்பட்டேன்?

ஆய்வகத்தான்:
மேல்கறைக்கு நல்லாவே வேலை செய்யும், நிறமும் வெளுக்கும். ஆனா என்சைம் போட்ட அன்னிக்கே போடாதீங்க, என்சைமையும் அது விட்டுவைக்காது. வினிகரோட ஒரே பாட்டிலில் கலக்காதீங்க, கண்ணையும் தோலையும் அரிக்கிற அமிலம் உண்டாகும். கலந்ததை மூடி போட்டு வைக்கவும் கூடாது, வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம்.

தூக்கம்தொலைத்தவள்:
எட்டு நாள் கழிச்சு வர்றேன். மூணு நாளில் காயலை, நாலரை நாள் ஆச்சு. முதல் நாள் அழுத்தின துண்டுகளை அலசின தண்ணி டீ டிக்காஷன் நிறத்தில் இருந்துச்சு. வளையங்கள் அப்படியே இருக்கு, வெளிறியிருக்கு அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, எதுக்குன்னு சொல்லாம மெத்தையில் உட்கார வெச்சேன். அரை மணி நேரம் பேசிட்டுக் கிளம்பினாங்க, ஒண்ணும் சொல்லலை. நான் குனிஞ்சு மோந்தா இடுப்புப் பக்கம் லேசா ஏதோ இருக்கு. மழை நாளில் கூடலாம்னு தோணுது.

கறார்கண்ணம்மா:
பக்கத்து வீட்டு அம்மா மரியாதைக்குச் சொல்லாம போயிருப்பாங்க.

தூக்கம்தொலைத்தவள்:
அதுவும் இருக்கலாம் அக்கா! இன்னொரு தடவை நனைஞ்சா நீங்க சொன்னதுதான், தூக்கிடுவேன். இப்போதைக்கு நீர்புகாத ஷீட் போட்டிருக்கேன். புதுப் பிரச்சினை அதுதான். புரண்டு படுத்தா சரசரன்னு சத்தம், தூக்கம் வரலைன்னு மாமனார் ராத்திரி உருவிப் போட்டுடறார்.

நைட்டூட்டி:
நீங்க போட்டிருக்கிறது வினைல். சத்தமும் போடும், முதுகும் வேர்க்கும். துவாலைத் துணிக்கு அடியில் மெல்லிசா பாலியூரிதீன் படலம் ஒட்டின உறை கிடைக்கும், சத்தம் வராது, வேர்வையும் ஆவியா வெளியே போகும். ரெண்டா வாங்குங்க, ஒண்ணு துவைக்கையில் ஒண்ணு மெத்தையில். அதுக்கு மேலே இடுப்பு அகலத்துக்கு உறிஞ்சும் விரிப்பு ஒண்ணு போட்டா, ராத்திரி அதை மட்டும் மாத்தினா போதும், முழுப் படுக்கையும் வேண்டாம்.

வெயில்விரும்பி:
அந்த உறையைத் துவைச்சா வெயிலில் காயப்போடலாமா?

நைட்டூட்டி:
நிழலில் அண்ணா. கடும் வெயில் பட்டா படலம் விரிசல் விடும்.

வெயில்விரும்பி:
அதையும் விட்டுவைக்கலையா!