‘டிக் அப்’ (தோண்டி எடுத்தல்) என்ற ஆங்கில வினைக்கு இணையான சொற்களை எங்கெங்கே பயன்படுத்தலாம்?

குன்னூர் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். ‘டிக் அப்’ என்பதற்கு ‘அன்எர்த்’, ‘எக்ஸ்கவேட்’, ‘எக்ஸ்யூம்’ ஆகியவற்றை இணைச்சொற்களாக எங்கள் பயிற்சிக் கையேடு ஒரே வரியில் தருகிறது. அதை மனப்பாடம் செய்த மாணவர் ஒருவர், தம் தந்தை தோட்டத்தில் உருளைக்கிழங்கை ‘எக்ஸ்கவேட்’ செய்வதாகக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். இலக்கணப்படி வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனாலும் ஆங்கிலம் பேசுவோர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இந்தச் சொற்களின் வேறுபாட்டை மலைப்பகுதி மாணவர்களுக்குப் பழக்கமான எடுத்துக்காட்டுகளோடு விளக்க விரும்புகிறேன். ‘டக் அப் இட்’ என்று பலர் எழுதுவதையும் எப்படித் திருத்துவது என்று சொல்லுங்கள்.

கோத்தகிரி வாசகர்:
வணக்கம் அம்மா. தோண்டப்படுவது இடமா, அங்கிருந்து வெளிவரும் பொருளா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். ‘எக்ஸ்கவேட்’ பெரும்பாலும் இடத்தைச் செயப்படுபொருளாக ஏற்கும். ‘அன்எர்த்’ கிடைத்த பொருளையே ஏற்கும். ‘டிக் அப்’ இரண்டுக்கும் பொருந்தும். சாலையையும் ‘டிக் அப்’ செய்யலாம், சாலைக்கு அடியில் கிடந்த குழாயையும் ‘டிக் அப்’ செய்யலாம்.

இதற்கு நம் மாவட்டத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் ப்ரீக்ஸ் இங்குள்ள பழங்காலக் கற்குவைகள் பலவற்றைத் தோண்டிப் பார்த்தார்; அவரது ஆய்வு நூல் அவர் மறைந்த பிறகு 1873ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்தக் கற்குவைகளிலிருந்து வெண்கலக் கிண்ணங்களும், எருமை முதலிய விலங்குருவங்கள் அமைந்த மூடிகளையுடைய மட்கலங்களும் கிடைத்தன. அவற்றில் ஒரு பகுதி இன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதினால், ப்ரீக்ஸ் கற்குவைகளை ‘எக்ஸ்கவேட்’ செய்தார், கிண்ணங்களை ‘அன்எர்த்’ செய்தார் என்று வரும். இரண்டு வினைகளையும் இடம் மாற்றிப் போட்டுக் காட்டினால் மாணவர்களின் காதுக்கே அது உறுத்தும்.

‘எக்ஸ்யூம்’ என்பதை இந்த வரிசையிலிருந்து விலக்கி வையுங்கள். புதைத்த உடலைப் பெரும்பாலும் அதிகாரிகளின் உத்தரவின்பேரில் வெளியே எடுப்பதற்குரிய சொல் அது. கிழங்குக்கோ கிண்ணத்துக்கோ அதைப் போட்டால் படிப்பவர் திடுக்கிடுவார்.

பிரதிப்பெயரைப் பொறுத்தவரை விதி உறுதியானது. ‘இட்’, ‘தெம்’ போன்றவை ‘டிக்’, ‘அப்’ இரண்டுக்கும் நடுவில்தான் வரவேண்டும்: ‘டக் இட் அப்’. பெயர்ச்சொல்லாக இருந்தால் நடுவிலும் வரலாம், பின்னாலும் வரலாம். நீண்ட பெயர்த்தொடரை நடுவில் திணித்தால் ‘அப்’ வெகுதூரம் தள்ளிப்போய்விடும் என்பதால் அதைப் பின்னால் வைப்பதே நல்லது.

மன்னவனூர் விவசாயி:
கோத்தகிரி நண்பர் சொன்னதை ஏற்கிறேன். விளைச்சலைப் பற்றி மட்டும் சிறிது சேர்க்கிறேன். உருளைக்கிழங்குக்கு ‘டிக் அப்’ சரியே. ஆயினும் பிரிட்டிஷ் ஆங்கில வேளாண் எழுத்துகளில் ‘லிஃப்ட்’ என்ற வினை வெகுவாகப் புழங்குகிறது. மண்ணை இளக்கிக் கிழங்கை அடிபடாமல் மேலே கொண்டுவருவதை அது குறிக்கிறது. கேரட்டைத் தழையோடு பிடித்து இழுப்பதால் ‘புல்’ என்றும் சொல்வார்கள். நாமும் கேரட்டைப் பிடுங்குகிறோம், கிழங்கைத் தோண்டுகிறோம் என்று பிரித்துத்தானே பேசுகிறோம்? காட்டுப்பன்றி இரவில் வந்து பாத்தியைக் கிளறிப்போட்டால் அதற்கு ‘ரூட் அப்’ என்பது பொருத்தம். சீகை மரத்தை வேரோடு அகற்றுவது ‘அப்ரூட்’. இவை எல்லாவற்றையும் கையேடு ஒரே வரியில் அடைத்திருப்பது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

உதகை மொழிபெயர்ப்பாளர்:
மண்ணோடு தொடர்பில்லாத பயன்பாட்டையும் வகுப்பில் சொல்லித்தர வேண்டும். செய்தித்தாளில் மாணவர்கள் அதிகம் சந்திக்கப்போவது அதைத்தான். பழைய ஆவணத்தையோ மறந்துபோன தகவலையோ தேடிப் பிடிப்பதும் ‘டிக் அப்’தான். ஒருவரைக் கெடுக்கும் நோக்கத்தோடு அவரது பழைய குறைகளைத் தேடுவது ‘டிக் அப் டர்ட்’. நாம் ‘தோண்டித் துருவுதல்’ என்கிறோமே, ஏறக்குறைய அந்தத் தொனி. முடிந்துபோன சண்டையை மறுபடியும் கிளறுவதற்கு ‘ரேக் அப்’ இன்னும் நெருக்கமானது. ஆய்வாளரின் உழைப்பைப் பாராட்டும் இடத்தில் ‘அன்எர்த்’ அல்லது ‘பிரிங் டு லைட்’ என்று எழுதினால் மதிப்புக் குறையாது.

தேடாமலே கிடைத்தால் ‘டர்ன் அப்’. தேயிலைத் தோட்டத்தில் சரிவைச் சமன்படுத்தும்போது பழைய பானை ஓடுகள் தாமாக வெளிப்பட்டால் அவை ‘டர்ன்ட் அப்’. ‘டிக் அப்’ என்றால் யாரோ முயன்று எடுத்திருக்க வேண்டும்.

குன்னூர் ஆசிரியை:
மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இடம், பொருள் என்ற பிரிவிலிருந்தே நாளைய பாடத்தைத் தொடங்கப்போகிறேன். ஒரே ஓர் ஐயம்: பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய மதிப்பெண் சான்றிதழைத் தேடி எடுப்பதற்கு எது பொருந்தும்?

கோத்தகிரி வாசகர்:
அதற்கு ‘டிக் அவுட்’ என்று எழுதச் சொல்லுங்கள் அம்மா. நம்மிடமே இருந்து, வெகுநாள் எடுக்காமல் பிற பொருள்களுக்கு அடியில் கிடந்ததைத் தேடி எடுப்பதற்கு அதுவே வழக்கு. நிலச்சரிவில் மண் மூடிய வாகனத்தை மீட்பதற்கும் ‘டிக் அவுட்’ என்றே எழுதுவார்கள். பிரதிப்பெயர் இங்கும் நடுவில்தான்: ‘டக் இட் அவுட்’.