கூச்சப் பறவைகளும் நீண்ட டெலி லென்ஸும்: அனுபவப் பகிர்வு

டெலி லென்ஸ் (தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ்) கையில் இருந்தாலும், மீன்கொத்தியைத் துரத்திப் போனால் படம் கிடைக்காது. நீர்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளுக்கு அடியில் பாருங்கள். கல்லிலோ இலையிலோ வெள்ளை எச்சம் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தால் அது வாடிக்கையாக வந்து உட்காரும் கிளை. அங்கிருந்து 7, 8 மீட்டர் தள்ளி, வெயில் முதுகில் விழும்படி இடம் பிடிக்க வேண்டும். அதுவும் பறவை இல்லாத நேரத்தில். அது பார்த்துக்கொண்டிருக்கும்போது போய் உட்கார்ந்தால் அன்றைய காலை அவ்வளவுதான். உருமறைப்புத் துணி உதவும். ஆனால் பறவையைக் கிளப்பிவிடுவது நிறத்தைவிட அசைவுதான். லென்ஸை முன்கூட்டியே கிளையை நோக்கித் திருப்பி, கிளைமேல் ஃபோகஸ் செய்து வைத்துவிட்டால் பிறகு அசைக்க வேண்டிய வேலையே குறைவு.

வந்து உட்கார்ந்த உடனே ஷட்டரை அழுத்த வேண்டாம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கண்ணை நீரின்மேல் நிறுத்திய பிறகு முதல் படம். சத்தத்துக்குத் தலையை வெடுக்கென்று திருப்பினால் நிறுத்திவிட்டு, அது மீனைக் கிளையில் அடிக்கும் நேரத்துக்குக் காத்திருங்கள்.

*

உள்ளான் மாதிரி சேற்றில் மேயும் பறவைகளுக்கு மேலே சொன்னது பொருந்தாது. அவற்றுக்கு நிலையான இருக்கை கிடையாது, நாம்தான் நகர வேண்டும். நேராக அதை நோக்கிப் போகாமல், பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து, வயிறு தரையில் படத் தவழ்ந்து போவதே வழி. மேய்ச்சலை நிறுத்தித் தலையைத் தூக்கினால் அப்படியே உறைந்துவிடுங்கள். மறுபடி சேற்றில் அலகை விட்டால்தான் அடுத்த அரை மீட்டர். கழுத்தை நீட்டி, உடம்பை இறுக்கி, எச்சமிட்டால் அடுத்த நொடி பறக்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இன்னும் நல்லது: கூட்டம் மேய்ந்துகொண்டே வரும் திசையைக் கணித்து, அதன் பாதையில் முன்னாலேயே படுத்துவிடுவது. அசையாமல் கிடந்தால் சில சமயம் லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்துக்குள்ளேயே வந்துவிடும். அது பல லென்ஸ்களில் 2 முதல் 4.5 மீட்டர், உங்கள் லென்ஸுக்கு எவ்வளவு என்று தெரிந்து வைத்திருங்கள்.

லென்ஸ் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருந்தால் பின்னணி வெகு தூரத்துக்குப் போய்க் கரைந்துவிடும். நின்றுகொண்டு எடுத்தால் பறவைக்குப் பின்னால் தெரிவது அது நிற்கும் சேறுதான்.

காற்றையும் கவனியுங்கள். பறவைகள் காற்றை எதிர்த்தே கிளம்பும், இறங்கும். காற்று நம் முதுகில் அடித்தால் முகம் கிடைக்கும், எதிரே அடித்தால் வால்தான்.

*

“600 மி.மீ. லென்ஸ் வாங்கியும் படம் மங்கல்” என்கிறவர்கள் லென்ஸைக் குறை சொல்லும் முன் காற்றைப் பாருங்கள். வெயில் ஏறியதும் மணல், தார்ச்சாலை, நீர்ப்பரப்பு எல்லாவற்றின் மேலும் சூடான காற்று அலையும். டெலி லென்ஸ் பறவையோடு அந்த அலைவையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. கண்டுபிடிப்பது சுலபம். ஒரே இடத்தில் அசையாத பறவையை 10 படம் தொடர்ச்சியாக எடுங்கள். கைநடுக்கம் என்றால் ஒரு படத்துக்குள் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கும். ஃபோகஸ் பிசகு என்றால் பறவைக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒன்று கூர்மையாக இருக்கும். காற்றலை என்றால் எதுவுமே கூர்மையாக இராது, ஒவ்வொரு படத்திலும் இறகு விளிம்பு வேறு வேறு மாதிரி நெளிந்திருக்கும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் தீராது, டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி இன்னும் பெரிதாக்கும் துணை லென்ஸ்) போட்டால் இன்னும் மோசம். கிட்டே போக வேண்டும், இல்லையென்றால் காலையில் சீக்கிரம் வர வேண்டும்.

காருக்குள்ளிருந்து எடுக்கும்போதும் இதே தொல்லை உண்டு: உள்ளே ஒரு வெப்பநிலை, வெளியே ஒன்று, இரண்டும் கலக்கும் ஜன்னலில் லென்ஸ். எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிக் கொஞ்ச நேரம் விடுங்கள். எஞ்சினை அணைத்துவிடுங்கள், அதன் அதிர்வும் படத்தில் ஏறும். லென்ஸைத் தாங்க ஜன்னலில் வைக்கும் பீன் பேக்கை (தானியம் மாதிரி எதையாவது நிரப்பிய பை) முக்கால்வாசி மட்டும் நிரப்பினால்தான் லென்ஸ் அதில் பதியும். தானியம் நனைந்தால் முளைவிடும் அல்லது நாறும். மழைக்காலத்துக்கு அதில் சிறு பிளாஸ்டிக் மணிகளை நிரப்புவது நல்லது.

*

கானாங்கோழி நாணலை விட்டு வெளியே தலைகாட்டுவது பெரும்பாலும் வெளிச்சம் குறைந்த நேரத்தில். அங்கே ஷட்டர் வேகம் 1/2000 நொடி என்று பிடிவாதம் பிடித்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) எங்கோ ஏறிப் போய்விடும். லென்ஸ் நன்றாகத் தாங்கப்பட்டிருந்தால் 1/200 போதும். நடக்கும்போது அது அடிக்கடி ஒரு கணம் நிற்கும். அந்த நிறுத்தத்தில் நான்கைந்து படம் எடுத்தால் ஒன்றாவது தேறும். பறக்கும் பறவைக்குத்தான் 1/2000க்கு மேல் வேண்டும். 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப் ஒளியை, அதாவது பாதி ஒளியைத் தின்றுவிடும், எஃப் 6.3 லென்ஸ் எஃப் 9 ஆகிவிடும். அந்த இருட்டில் அதைக் கழற்றி வைப்பதே மேல்.

நாணலுக்குள், பறவையின் கண்ணைக் கேமராவே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் வசதியை முழுதாக நம்ப வேண்டாம், முன்னால் நிற்கும் தண்டில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வையுங்கள். முழு ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவில் 600 மி.மீ., எஃப் 6.3, 8 மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக விழும் ஆழம் 6, 7 செ.மீ. மட்டுமே. அலகு கூர்மை, கண் மங்கல் என்ற படங்கள் இதனால்தான்.

சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் இங்கே வரம். ஆனால் சென்சாரை மெதுவாகப் படிக்கும் கேமராக்களில் இறக்கை அடிக்கும்போது வளைந்து கோணலாகப் பதியும். உட்கார்ந்த பறவைக்கு எலெக்ட்ரானிக், பறப்பதற்கு மெக்கானிக்கல் ஷட்டர்.

*

மீன்கொத்தி பற்றி ஒரு சேர்க்கை. தான் விழுங்கப் போகும் மீனின் தலையை அது தொண்டைப் பக்கம் திருப்பிக்கொள்ளும். மீன்தலை அலகுக்கு வெளியே நீட்டியிருந்தால் அது இணைக்கோ குஞ்சுக்கோ போகிற உணவு. அப்படி மீனை வைத்துக்கொண்டு விழுங்காமலும் போகாமலும் கிளையிலேயே தயங்கினால், பொந்துக்குப் போகும் வழியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அருமையான படம்தான், ஆனாலும் ட்ரைபாடை மடக்கிக்கொண்டு வந்த வழியே விலகுங்கள். குஞ்சுகள் வெளியேறும்வரை அந்தக் கிளை வேண்டாம்.