புதுப்பிப்பு: மணிலா தோழியின் பிரிட்டன் நர்ஸ் பதிவு

வேலை வாங்கித்தர ஏஜென்ட் பணம் கேட்கிறான், மணிலாவில் நர்ஸாக இருக்கும் என் தோழி கொடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கொடுக்கவில்லை. பிரிட்டன் வேலைக்கு நர்ஸிடம் கட்டணம் வாங்கவே கூடாது. பிலிப்பைன்ஸின் புலம்பெயர் தொழிலாளர் துறை உரிமம் பெற்ற வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டாள்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் எழுத்துப் பகுதிக்கு 6.5 போதும், மற்ற மூன்றுக்கும் 7 வேண்டும், அந்த 6.5தான் அவளை இழுத்தடித்தது. ஒருவழியாகத் தேறிவிட்டாள். கணினித் தேர்வும் முடிந்தது. பிலிப்பைன்ஸில் நர்ஸ் உரிமம் தரும் அமைப்பான பிஆர்சி அவளுடைய உரிமத்தைச் சரிபார்த்து, பிரிட்டன் பதிவு அமைப்பான என்எம்சிக்கு நேரடியாக அனுப்பிவிட்டது.

மீதி, ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. அதற்குப் பிரிட்டனுக்கே போயாக வேண்டும். அதில் நோயாளியிடம் பெயர், பிறந்த தேதி கேட்டு, கைப்பட்டையோடு ஒப்பிட்ட பிறகே மாத்திரையைத் தொட வேண்டும். இப்போது வீட்டில் பயிற்சிக்குத் தலையணைதான் நோயாளி. பாவம், அதற்குத் தினமும் மருந்து! வெளிநாட்டு வேலைக்குப் போக பிலிப்பைன்ஸ் அரசு தரும் ஓஇசி சான்று கிடைத்ததும் புறப்படுகிறாள்.