முகூர்த்தப் புடவையும் ரவிக்கையும்: உயரம் குறைந்த, மார்பு நிறைந்த மணப்பெண்களின் அனுபவங்கள்

கும்பகோணத்தாள்

திருமணம் முடிந்து குழந்தையும் பிறந்துவிட்டது. ஆனாலும் ஆல்பத்தில் ஒரு பக்கத்தை மட்டும் இன்றுவரை வேகமாகப் புரட்டிவிடுகிறேன். என் உயரம் 4 அடி 10 அங்குலம். மார்பளவைப் பொறுத்தவரை, புதிய தையற்காரர்கள் நாடாவை இன்னொரு முறை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளும் உடல்வாகு. கூறைப்புடவையை எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் எடுத்தார்கள். அரக்குச் சிவப்பில், இருபுறமும் பத்து அங்குலத்துக்குக் குறையாத கோர்வைக் கரை போட்ட காஞ்சிப் பட்டு அது. கடைப் பொம்மையின் மேல் பார்த்தவர்கள் யாரும் அதில் குறை சொல்லியிருக்க முடியாது.

முகூர்த்தத்தன்று விடியற்காலையில் கட்டிவிட வந்த பெண்மணி, கொசுவம் வைப்பதற்கு முன்பே பெருமூச்சு விட்டார். புடவையின் அகலம் 48 அங்குலம். என் இடுப்பிலிருந்து பாதம்வரை 36 அங்குலம்தான். மிச்சமுள்ள ஓரடியும் பாவாடைக்குள் போக வேண்டும். அந்த ஓரடியில் ஏறக்குறைய முழுவதும் மேல்கரை. ஜரிகை நிறைந்த கரை மடங்க மறுத்து இடுப்பைச் சுற்றித் திரண்டு நின்றது. மணையில் உட்கார்ந்ததும் அந்தத் திரட்சி மேலே ஏறி மார்புக்கு அடியில் வந்து முட்டியது. புகைப்படக்காரர் பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் எனக்கு இடுப்பு என்ற ஒன்றே இல்லை. பட்டு உடுத்திய நெற்குதிர் ஒன்று மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. என்னைப் போன்ற உடல்வாகுள்ளவர்கள் என்ன செய்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறது.

வரவேற்பு மேடை

எனக்கும் உங்கள் உயரம்தான். நான்கு அங்குலக் குதிகால் செருப்பை அணிந்துகொண்ட பிறகே புடவையைக் கட்டச் சொல்லுங்கள்; உள்ளே மடிக்க வேண்டிய அளவு குறையும், கொசுவமும் நீளமாக விழும். நெடுக்குக் கோடு போட்ட புடவையாக எடுத்தால் உயரம் தானாகக் கூடித் தெரியும். என் வருத்தம் புடவையைப் பற்றியதன்று, வரவேற்புக்கு எடுத்த லெஹங்காவைப் பற்றியது. பாவாடை விரிந்து நிற்பதற்காக உள்ளே கேன்-கேன் வலையை அடுக்கடுக்காக வைத்துத் தைத்திருந்தார்கள். மேடையில் மாப்பிள்ளை என் தோளில் கை வைக்க முயன்றபோது அந்த விரிப்பு அவரை எட்ட நிறுத்திவிட்டது. எல்லாப் படங்களிலும் அவர் என்னை நோக்கிச் சாய்ந்தபடியே இருக்கிறார். நான் உயரத்தைவிட அகலம் கூடியவளாக நிற்கிறேன்.

அம்மி மிதித்தவள்

முன்னால் எழுதியவர் வரவேற்பை மனத்தில் வைத்துக்கொண்டு முகூர்த்தத்துக்கு யோசனை சொல்கிறார். மணவறையில் யார் செருப்பு அணிகிறார்கள்? எனக்கும் இதே யோசனையைச் சொல்லி, மணமகள் அறையில் குதிகால் செருப்போடு நிற்கவைத்துத்தான் கட்டினார்கள். மணவறைப் படியில் செருப்பைக் கழற்றிய கணத்தில் புடவை நான்கு அங்குலம் நீண்டுவிட்டது. அக்கினியை வலம்வரும்போது வலக்கை அவருடைய பிடியில் இருந்தது. இடக்கையால் கொசுவம் முழுவதையும் அள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அம்மியில் காலைத் தூக்கி வைக்க அவர் குனிந்தபோது, என் புடவையின் விளிம்பு அவருடைய முழங்காலுக்கு அடியில் சிக்கிக்கொண்டது. நான் காலை இழுக்க, கொசுவத்தில் குத்தியிருந்த ஊக்கு பட்டைக் கிழித்தது. கிழிசல் சிறியதுதான், கரைக்குள் மறைந்தும்விட்டது. ஆனால் பட்டு கிழியும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டது. முகூர்த்தத்துக்கு வெறுங்காலில் நின்றுதான் புடவை கட்ட வேண்டும். வரவேற்புக்கு என்ன வேண்டுமானாலும் அணிந்துகொள்ளுங்கள்.

ஊசிக்காது

நான் மணப்பெண் ரவிக்கைகள் தைப்பவள். புடவையைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் ரவிக்கையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. முகூர்த்தத்தில் பெரும்பாலான நேரம் நீங்கள் உட்கார்ந்தே இருக்கிறீர்கள். படத்தில் விழுவது இடுப்புக்கு மேலேதான்.

உங்களைப் போன்ற உடல்வாகுள்ள ஒரு பெண், முழுவதும் ஆரி வேலை (கொக்கி ஊசியால் செய்யும் நூல், மணி வேலைப்பாடு) செய்த ரவிக்கையை வேறிடத்தில் தைத்துவிட்டுத் திருத்துவதற்காக என்னிடம் கொண்டுவந்தாள். நேராக நின்றால் பழுதில்லை. மாலை மாற்றுவதுபோல் கைகளை உயர்த்திக் காட்டச் சொன்னேன். மாப்பிள்ளை ஆறடி என்றாள். ஆகவே கைகள் தலைக்கு மேலே போயின. கைகளோடு ரவிக்கையின் கீழ்விளிம்பும் ஏறி, உள்ளாடையின் பட்டை முழுவதும் வெளியே தெரிந்தது. அவளுடைய அம்மா கதவை மூடினார். பிரித்துவிடலாம் என்று உள்ளே பார்த்தால் தையல் விடுப்பு (தையலுக்கு வெளியே விடும் உபரித் துணி) கால் அங்குலம்கூட இல்லை. ஆரி வேலை விளிம்புவரை ஓடியிருந்தது. அக்குளில் முக்கோணத் துண்டு ஒன்றை ஒட்டித்தான் அனுப்ப முடிந்தது.

இதற்குக் காரணம் அளவு ரவிக்கை. பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்து இதேபோல் தைத்துத் தாருங்கள் என்கிறார்கள். பழையதில் உள்ள இறுக்கமும் புதியதற்கு அப்படியே வந்து சேர்கிறது. மார்பு நிறைந்தவர்களுக்கு உடலில்தான் அளவெடுக்க வேண்டும், அதுவும் திருமணத்தன்று அணியப்போகும் உள்ளாடையோடு. மார்புக்கு மேலே, மார்பின் முழுச் சுற்று, மார்புக்குக் கீழே என்ற மூன்று சுற்றளவுகளும், தோளிலிருந்து மார்பு முனைவரை உள்ள நீளமும், இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள தூரமும் தேவை. முழுச் சுற்றை மட்டும் வைத்து வெட்டினால் தோளும் கழுத்தும் தொளதொளவென்று நிற்கும். தோள் சரிந்தால் முழு வடிவமும் கெடும். நான்கு டார்ட் (வடிவத்துக்காக மடித்துத் தைக்கும் கூர்மடிப்பு) பிடித்த சாதாரண வெட்டு இந்த உடலுக்குப் போதாது. கைக்குழியிலிருந்து மார்பு முனை வழியாகக் கீழ்விளிம்புக்கு இறங்கும் பிரின்சஸ் கட் அல்லது மார்பு படியும் கிண்ணத்தைத் தனித்துண்டாக வெட்டும் கட்டோரி ஏற்றது. இரண்டில் எதுவானாலும், முதலில் மலிவான பருத்தித் துணியில் மாதிரி ரவிக்கை தைத்து, உட்கார்ந்தும் குனிந்தும் கைகளை உயர்த்தியும் பார்த்த பிறகே பட்டுத் துணியை ஆரிச் சட்டத்தில் ஏற்ற வேண்டும். பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம் விடச் சொல்லுங்கள். அந்த ஒன்றரை அங்குலத்தில் ஒரு மணிகூட வரக்கூடாது.

கைநீளத்தையும் யாரும் யோசிப்பதில்லை. மேற்கையின் நடுவில் முடியும் கை, மார்பின் மிக அகலமான இடத்துக்கு நேராக முடிகிறது. அந்த விளிம்பில் மூன்று அங்குலத்துக்குத் தங்க வேலையும் செய்தால் இக்கையிலிருந்து அக்கைவரை குறுக்கே ஒரே பட்டையாகத் தெரியும். முழங்கைவரை இறக்குங்கள், அல்லது தோளுக்கு அருகிலேயே நிறுத்துங்கள். தோளிலிருந்து தோள்வரை அகலமாக ஓடும் போட் நெக் கழுத்து வேண்டவே வேண்டாம். முதுகைத் தாழ வெட்டிக் கயிறு கட்டும் ஆசை இருந்தால், அந்தக் கயிறு மார்பின் கனத்தைத் தாங்காது என்பதையும் தெரிந்துகொண்டு வெட்டுங்கள்.

யாழ்ப்பாணத்து மச்சாள்

ஊசிக்காது எழுதியதைத் திருமணத்துக்கு முன்பு வாசித்திருக்கலாம் என்று நினைக்கிறேன். எங்கள் முறையில் மணப்பெண் முதலில் ஒரு சாறியோடு மணவறைக்கு வருவாள். கூறையும் தாலியும் சபையோரிடம் ஆசி பெற்று வந்தபின், உள்ளே போய்க் கூறை மாற்றிக்கொண்டு திரும்பி வருவாள். அதன் பிறகே தாலி. இரண்டுக்கும் பொருந்தும்படி ஒரே சட்டை (ரவிக்கை) தைத்திருந்தோம். அறைக்குள் நுழைந்து, மாலையைக் கழற்றிவிட்டு நான் மூச்சை இழுத்துவிட்ட கணத்தில் நடுக் கொக்கி தெறித்துப் போனது. அடுத்ததும் விட்டுக்கொடுத்தது. வெளியே ஐயர் நேரம் போகிறது என்று அழைத்துக்கொண்டிருந்தார். சின்னம்மா கைப்பையிலிருந்து ஊசியை எடுத்து, என்னை அசைய வேண்டாம் என்று சொல்லி, சட்டையை என் உடம்போடு வைத்துத் தைத்தார். தாலி கட்டும்போது தலையைக் குனியச் சொன்னார்கள். நூல் இழுபடுவதை உணர்ந்து நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன். மிகவும் நிமிர்ந்த பெண் என்று மாமி வீட்டில் அதற்குப் பொருள் சொன்னார்களாம். இரவில் அந்தச் சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் கழற்ற முடிந்தது.

தூத்துக்குடிப் பாடகி

எனக்குத் தேவாலயத்தில் திருமணம். வெள்ளைப் பட்டுக்குப் பதிலாகக் கவுன் வேண்டும் என்று நானே கேட்டேன். உயரம் குறைந்தவர்களுக்கு எம்பயர் வெட்டுத்தான் ஏற்றது, இடுப்புக்கோடு மார்புக்கு அடியிலேயே வருவதால் கால் நீளமாகத் தெரியும் என்று எல்லா இடங்களிலும் எழுதியிருந்தது. கடையிலும் அதையே சொன்னார்கள். மார்பு சிறியவர்களுக்கு அது உண்மையாக இருக்கலாம். எனக்கோ துணி மார்பின் முனையிலிருந்து நேராகக் கீழே தொங்கியது. வயிற்றுக்கும் துணிக்கும் நடுவே ஒரு சாண் காற்று. பீடத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கும்போது, பாடகர் குழுவில் என்னோடு பாடும் அக்கா ஒருவர், தாம் மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "வளைகாப்பையும் சேர்த்தே வைத்துவிட்டார்களா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் அவர் என் வயிற்றைத்தான் பார்த்தார்.

பின்னர் என் தங்கைக்கு எடுத்தபோது, இயல்பான இடுப்பில் தைத்து, அங்கிருந்து மெல்ல விரியும் ஏ-லைன் கவுனை எடுத்தோம். அவளும் என் உடல்வாகுதான். மார்பளவுக்கு ஏற்ற அளவில் வாங்கி, இடுப்பையும் தோளையும் பிடிக்கச் சொன்னோம். இடுப்பளவுக்கு வாங்கி மார்பை விரிக்க முடியாது. ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள்: கீழ்விளிம்பில் லேஸ் இருந்தால், நீளத்தைக் குறைக்கும்போது அந்த லேஸைத் தனியே பிரித்து மீண்டும் தைக்க வேண்டும், அந்தக் கூலியை முதலில் யாரும் சொல்வதில்லை.

பாவும் ஊடையும்

நெடுக்குக் கோடு உயரமாகக் காட்டும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் தறி இருக்கிறது. அதனால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. புடவையில் நெடுக்கு எது? பாவில் ஓடும் கோடு புடவையின் நீளவாக்கில் போகிறது. அதைக் கட்டினால் இடுப்புக்குக் கீழே உங்களைக் குறுக்காகச் சுற்றிவரும். முந்தானையில் மட்டும் தோளை நோக்கி மேலே ஏறும். ஊடையில், அதாவது அகலவாக்கில் ஓடும் குறுக்கிழையில், வரும் கோடு கொசுவத்தில் நெட்டுக்கு நிற்கும், மார்பின் மேலோ குறுக்கே விழும். ஆகவே எந்தக் கோடானாலும் ஓரிடத்தில் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும். மார்பு நிறைந்தவர்கள் கோடு வேண்டுமென்றால் பாவுக் கோட்டை எடுக்கலாம், அதுவும் புடவை உடலின் நிறத்திலிருந்து மிகவும் விலகாத மெல்லிய கோடாக இருந்தால்.

முதலில் எழுதிய சகோதரிக்கு: குற்றம் காஞ்சிப் பட்டினுடையதன்று, இருபுறமும் ஒரே அளவில் வந்த கரையினுடையது. கீழ்க்கரை நான்கைந்து அங்குலமும் மேல்கரை ஓரிரண்டு அங்குலமுமாக நெய்த புடவைகள் எப்போதும் கிடைக்கின்றன. நாள் இருந்தால் கூட்டுறவுச் சங்கத்திலோ நெசவாளரிடமோ சொல்லியும் நெய்துகொள்ளலாம். உள்ளே போகும் பகுதியில் வெறும் பட்டு இருந்தால் அது படிந்துவிடும். ஜரிகை படியாது, ஏனென்றால் அது பட்டு நூலின் மேல் வெள்ளியைச் சுற்றிப் பொன்முலாம் பூசிய இழை, மடித்தால் விறைத்து நிற்கும். புடவையின் உடலும் கரையும் ஒரே நிறத்தில் இருந்தால் உருவம் நடுவில் துண்டாகத் தெரியாது என்பதையும் கவனியுங்கள். எங்கள் வீட்டிலேயே ஒரு மணப்பெண்ணுக்கு இதைச் சொன்னோம். அவளுடைய மாமியார், கரை சிறியதாக இருந்தால் விலை குறைந்த புடவை என்று சபையில் நினைப்பார்கள் என்று சொல்லி, அகலக் கரையையே எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண் கதவருகில் நின்று அந்தச் சிறு கரைப் புடவையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கும்பகோணத்தாள்

மாமியார்களைப் பற்றிய அந்த வரியை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். ஊசிக்காது அவர்களிடம் ஒரு கேள்வி: முந்தானையை மடித்துக் குத்துவதா, ஒற்றையாக விடுவதா?

ஊசிக்காது

மடித்துத்தான் குத்த வேண்டும். ஆனால் மடிப்பு மிகக் குறுகலாக இருக்கக் கூடாது. மூன்று அங்குலத்துக்கு மடித்தால் அது மார்பின் நடுவில் ஒரு பட்டையாக ஓடி, இருபுறமும் ரவிக்கை பிதுங்கித் தெரியும். ஐந்து அங்குலத்துக்குக் குறையாமல் மடித்து, முந்தைய நாளே இஸ்திரி போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒற்றை முந்தானை கனத்த ஜரிகையோடு கையில் விழும்போது உயரம் குறைந்தவர்களை மூடிவிடும்.

அக்காவின் தங்கை

எல்லோரும் நகையை மறந்துவிட்டீர்கள். என் அக்காவுக்கு ஊசிக்காது சொன்னபடியே ரவிக்கை அமைந்திருந்தது, கரையும் சிறியதுதான். ஆனால் பாட்டியின் நீண்ட ஆரத்தைப் போட்டே ஆக வேண்டும் என்றார்கள். மார்பு நிறைந்தவர்களுக்கு நீண்ட ஆரம் உடலோடு படியாது. மார்பின் முனையிலிருந்து விலகி அந்தரத்தில் தொங்கும், நடக்கும்போது ஆடும். அதன்மேல் சம்பங்கி மாலையும் ஏறியது. மாலை மாற்றும்போது மாப்பிள்ளை தம் மாலையைத் திருப்பி வாங்க, ஆரத்தின் பதக்கம் மாலையின் நாரில் மாட்டிக்கொண்டு கூடவே போனது. அக்காவின் கழுத்தும் அதோடு அவர் மார்புவரை போனது. சபை சிரித்தது. அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கழுத்தை ஒட்டிய அட்டிகையும், மார்புக்கு மேலேயே நின்றுவிடும் ஒரு சங்கிலியும் போதும். நீண்டதைப் போட்டே தீர வேண்டுமென்றால் முந்தானை மடிப்போடு இரண்டிடத்தில் நூலால் பிடித்துவிடுங்கள். மாலையையும் மெலிதாகக் கட்டித்தரும்படி பூக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கனமான மாலைதான் மங்கலம் என்று மண்டபத்தில் யாராவது வாதிட வருவார்கள். அவர்களுடைய கழுத்தில் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.