கிணற்று மோட்டாருக்கு வந்த மின்சாரம் வீட்டுக்கு வர ஏன் அத்தனை ஆண்டுகள் ஆயின?

கேள்வி – பல்லடத்துக்காரன்

பல்லடம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த என் தந்தையார், எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்குத் தோட்டத்து மோட்டார் அறையில் உட்கார்ந்துதான் படித்தார். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே தொங்கிய ஒரு குண்டு பல்புதான் அவருக்கு வெளிச்சம். கிணற்றுக்கு 1967-லேயே இணைப்பு வந்துவிட்டது. வீட்டிலோ 1974 வரை அரிக்கேன் விளக்குதான். எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படியா, அல்லது நாடு முழுவதும் இந்த வரிசையில்தான் மின்சாரம் போனதா?

மறுமொழி 1 – நீர்மின் வாசகர்

நாட்டின் பல பகுதிகளில் இந்த வரிசைதான். 1932-இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது கோவையின் பஞ்சாலைகளும், அவற்றைத் தொடர்ந்து கிணற்றுப் பாசனமும் அதன் பயனைப் பெற்றன. கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் செலவு ஈடாக வேண்டுமானால், அந்தக் கம்பியில் ஓடும் மின்சாரம் போதிய அளவு விற்க வேண்டும். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ஏறத்தாழ 3,700 வாட் இழுக்கும். அதாவது, 40 வாட் பல்புகள் தொண்ணூறுக்கு மேல் ஒரே நேரத்தில் எரிவதற்குச் சமம். மாலையில் ஓரிரு பல்பு மட்டும் போடும் வீடுகளுக்காகக் கம்பி இழுத்தால் போட்ட பணம் திரும்பாது என்பதே அன்றைய கணக்கு. 1960-களின் நடுவில் அடுத்தடுத்து வந்த வறட்சி இந்தப் போக்கை உறுதிப்படுத்தியது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதே முதல் கவலையாக இருந்த நிலையில், 1969-இல் தொடங்கப்பட்ட ஊரக மின்மயமாக்கல் கழகமும் பம்புசெட்டுகளுக்கே முதலிடம் தந்தது. அந்தக் காலத்துப் பசியை நினைத்தால் இதைத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுமொழி 2 – கணக்கெடுப்பாளர்

பசியை மறுக்கவில்லை, ஆனால் வீடுகள் பின்தங்கியதை மறைத்த ஒரு வரையறையும் உண்டு. 1997 வரை, வருவாய்க் கிராம எல்லைக்குள் எந்தப் பயன்பாட்டுக்காவது மின்சாரம் சென்றிருந்தால், அது மின்வசதி பெற்ற கிராமம். ஆகவே உங்கள் தந்தையாரின் ஊர், வீடுகளில் ஒரு விளக்குகூட எரியாமல் இருந்திருந்தாலும், அந்தக் கிணற்று மோட்டாரைக் கொண்டே பட்டியலில் ஏறியிருக்கும். குடியிருப்புப் பகுதிக்குள் மின்சாரம் இருக்க வேண்டும் என்பது 1997-இல்தான் வந்தது. பத்தில் ஒரு வீட்டுக்காவது இணைப்பு வேண்டும், தலித் குடியிருப்புக்கும் கம்பி போயிருக்க வேண்டும் என்பவை 2004-இல் வந்தன. விளைவு 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தெரிகிறது: கிராமப்புறக் குடும்பங்களில் 43.5 விழுக்காட்டினரே மின்விளக்கு ஏற்றினர். 2011-லும் அது 55.3 விழுக்காடுதான். 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங் கிராமத்தோடு எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் சென்றுவிட்டதாக அறிவித்தபோதும், கோடிக்கணக்கான வீடுகள் மீதமிருந்தன.

மறுமொழி 3 – பழைய வயர்மேன்

முப்பது ஆண்டுகள் வீடுகளுக்கு ஒயரிங் செய்தவன் நான். கம்பம் வாசலில் நின்றாலும் வீட்டுக்குள் கரண்ட் வந்துவிடாது. மரச்சட்டம், சுவிட்சுப் பலகை, பீங்கான் ஃபியூஸ், முன்வைப்புத் தொகை என்று எல்லாவற்றுக்கும் கையில் ரொக்கம் வேண்டும். வீட்டு வரி ரசீதும் காட்ட வேண்டும். புறம்போக்கில் குடிசை போட்டவர் ரசீதுக்கு எங்கே போவார்? நான் வேலை பார்த்த ஓர் ஊரில் கம்பங்கள் ஊர்த்தெருவோடு நின்றுவிட்டன. இருநூறு அடி தள்ளியிருந்த காலனிக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்தே கம்பி போனது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. 1988-89-இல் தொடங்கிய குடிர் ஜோதி திட்டம் ஏழை வீட்டுக்கு ஒற்றை விளக்கு தந்தது. ஆனால், இணைப்புச் செலவுதான் தடை என்பதை நாடு முழுவதற்கும் ஒப்புக்கொண்டு, ஏழைகளுக்கு இலவசமாகவும் மற்றவர்களுக்கு 500 ரூபாயைத் தவணையிலும் வைத்தது 2017-இல் வந்த சௌபாக்யா திட்டம்தான். அதன்பின் ஒன்றரை ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் வீடுகளுக்கு இணைப்பு கிடைத்தது.

பல்லடத்துக்காரன்

மூவருக்கும் நன்றி. தந்தையாரிடம் இவற்றைப் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டிலும் தடையாக இருந்தது ஒயரிங் செலவுதானாம். 1974-இல் மஞ்சள் விற்ற பணத்தில்தான் தாத்தா அதைச் செய்தாராம். முதல் பல்பை எந்த அறையில் போட்டார்கள் என்று கேட்டேன். அடுப்படியில், பாட்டி கேட்டுக்கொண்டபடி.